வயலில் கிடைக்கும் பழைய காசு: தேடுவது, எடுப்பது, கழுவுவது

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டர் வாங்க எந்த உரிமமும் வேண்டாம். இன்று பணம் கட்டினால் நாளை வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கண்ணில் பட்ட வயலில் இறங்க முடியாது. புதிதாக வருகிறவர்கள் முதலில் கருவியைப் பற்றி விசாரிக்கிறார்கள், அப்புறம் இடம், கடைசியில் சட்டம். என் வரிசை நேர் எதிர். முதலில் நிலத்துக்காரரின் அனுமதி, அடுத்து எது யாருக்குச் சொந்தம் என்ற தெளிவு, அதற்கப்புறம்தான் கருவி. கழுவுவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஆனாலும் இங்கே அதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். எண்ணூறு வருடம் மண்ணில் தாக்குப்பிடித்த காசு, சமையலறைத் தொட்டியில் பத்து நிமிடத்தில் பாழாகிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் மண்ணிலிருந்து எடுக்கும் தொல்பொருள் எதுவானாலும் அரசுக்கு உரியது, தெரிவித்தே ஆகவேண்டும். அயர்லாந்துக் குடியரசில் உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடுவதே குற்றம். ஊருக்குப் போகும்போது டிடெக்டரையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் தொல்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம். இந்தப் பொழுதுபோக்கை இங்கேயே வைத்துக்கொள்வது நல்லது.

அனுமதி

இங்கிலாந்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். நடைபாதை போகிறது என்பதற்காக அதன் ஓரத்தில் தோண்டிவிட முடியாது. நகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் தடை உண்டு. பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் நிலங்களில் பொதுவாக விடமாட்டார்கள். தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் தேட போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டியின் அனுமதிச் சீட்டு வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் டிடெக்டரை இயக்குவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், தோண்டியிருக்கவே வேண்டாம். எந்த இடம் அப்படிப்பட்டது என்று தொல்லியல் இடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் இணைய வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். வயலின் சொந்தக்காரர் சரி என்று சொன்னாலும் இதை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். தன் நிலத்தின் ஒரு மூலை அந்தப் பட்டியலில் இருப்பது அவருக்கே மறந்துபோயிருக்கலாம்.

விவசாயியிடம் கேட்பதில் ஒரு கூச்சம் இருக்கும், முக்கியமாக நம் ஆட்களுக்கு. கிராமப்புறத்தில் முகம் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவது எளிதில்லை. அறுவடை நேரத்தில் போகாதீர்கள், யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது. பெயர், தொலைபேசி எண், காப்பீட்டு விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங் என்ற அமைப்பில் உறுப்பினரானால் பொதுப் பொறுப்புக் காப்பீடு சேர்ந்தே கிடைக்கும். அந்த அட்டையைக் காட்டினால் பேச்சு எளிதாகும். கிடைக்கும் பொருளின் மதிப்பை எப்படிப் பங்கிடுவது என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாதிக்குப் பாதி என்பதுதான் பொதுவான வழக்கம். நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைக்காரர், சொந்தக்காரர் இருவரின் சம்மதமும் வேண்டும்.

இதெல்லாம் மலைப்பாக இருந்தால் உள்ளூர் டிடெக்டிங் கிளப்பில் சேருங்கள். கிளப்புக்கென்று நிலங்கள் இருக்கும், கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும். புதியவருக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான்.

எது புதையல்?

1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் காசுகளுக்கென்று தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது. 300 வருடத்துக்கு மேல் பழமையானதாகவும், பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கலந்ததாகவும் உள்ள காசுகள் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால் அது புதையல். செம்பு, வெண்கலக் காசு என்றால் பத்து கிடைக்க வேண்டும். தனியாக ஒற்றைக் காசு கிடைத்தால் பெரும்பாலும் புதையலாகாது. ஆனால் அதில் ஓட்டை போட்டோ வளையம் வைத்தோ நகையாக மாற்றியிருந்தால் கதை வேறு. 2023 ஜூலையிலிருந்து, 200 வருடத்துக்கு மேற்பட்ட, தனிச்சிறப்பான வரலாற்று முக்கியத்துவம் உள்ள உலோகப் பொருள்களும் புதையல் என்ற வரையறைக்குள் வந்துவிட்டன.

புதையல் என்று தெரிந்த 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் உங்கள் கவுண்டியின் ஃபைண்ட்ஸ் லியேசன் ஆபீசரிடம் சொன்னால் போதும், மீதியை அவர் நகர்த்துவார். பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதியும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற திட்டத்தின் ஆட்கள் இவர்கள். இங்கிலாந்தில் அதை நடத்துவது பிரிட்டிஷ் மியூசியம். அருங்காட்சியகம் எதுவும் வாங்க விரும்பினால் ஒரு குழு சந்தை மதிப்பைக் கணக்கிடும், தொகை உங்களுக்கும் நிலத்துக்காரருக்கும் பிரியும். யாரும் விரும்பாவிட்டால் பொருள் திரும்பி வரும்.

மறைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு 2015ல் லெம்ஸ்டர் ஊருக்கு அருகே கிடைத்த வைக்கிங் காலப் புதையல் உதாரணம். கண்டெடுத்த இருவர் தெரிவிக்காமல் ரகசியமாக விற்கப் பார்த்தார்கள். 2019ல் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கும் என்று கருதப்படுகிறது, மீட்கப்பட்டவை அதில் சிறு பகுதிதான். வெஸ்ஸெக்ஸின் ஆல்ஃப்ரெட் அரசரும் அண்டை நாடான மெர்சியாவின் அரசர் இரண்டாம் சியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததைக் காட்டும் காசுகள் அவற்றில் இருந்தன. நேர்மையாகத் தெரிவித்திருந்தால் இருவருக்கும் பெரிய தொகை சட்டப்படியே வந்திருக்கும்.

கருவி

இதில் நேரத்தை வீணாக்காதீர்கள். கேரட், நோக்டா, மைன்லேப், எக்ஸ்பி போன்ற நிறுவனங்களின் ஆரம்பநிலைக் கருவி எதுவும் போதும். விலையுயர்ந்த கருவியைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாதவரைவிட, எளிய கருவியின் ஒலியைப் பழகியவர் அதிகம் எடுப்பார். ஆனால் இரண்டு துணைச்சாமான்களில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்று பின்பாயிண்டர், தோண்டிய குழிக்குள் காசு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும் கைக்கருவி. இது இல்லாமல் மண்வெட்டியால் துழாவினால் காசின் மேல் ஒரு வெட்டு விழும், அதோடு அதன் விலையும் விழும். இன்னொன்று கூர்மையான, உறுதியான சிறு மண்வெட்டி. அப்புறம் ஹெட்போன், கையுறை, பஞ்சு வைத்த சிறு டப்பாக்கள், சிப்லாக் பைகள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவியோடு வயலுக்குப் போவதற்கு முன், வீட்டுப் புல்தரையில் ஒரு இரும்பு ஆணி, பழைய வெள்ளிக் காசு, சோடா டின்னின் இழுவளையம், கசக்கிய அலுமினியத் தாள், இன்றைய பவுண்டு நாணயம் ஆகியவற்றைத் தள்ளித்தள்ளி வைத்து ஒவ்வொன்றின் மேலும் காயிலை, அதாவது கருவியின் அடியில் உள்ள வட்டத் தகட்டை, ஆட்டிப் பாருங்கள். திரையில் வரும் எண்ணைவிட ஒலியைக் கவனியுங்கள். இரும்பு கரகரக்கும், வெள்ளி உயர்ந்த சுத்தமான ஒலி தரும். இழுவளையம் நடுவில் வரும். தங்கமும் அதே நடுப்பகுதியில்தான் வரும், மெல்லிய சிறு துண்டென்றால் அலுமினியத் தாளின் இடத்துக்கே இறங்கிவிடும். இதனால்தான் குப்பை என்று ஒலியை வடிகட்டிவிட்டால் தங்கமும் சேர்ந்து போய்விடும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் இரும்பைத் தவிர எல்லாவற்றையும் தோண்டுங்கள்.

எந்த வயல், எப்போது

சிறந்த காலம் அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முந்தைய இடைவெளி, ஆகஸ்ட் கடைசியிலிருந்து சில வாரங்கள். உழுது, உருளை ஓட்டிச் சமமாக்கிய மண் கிடைத்தால் விடாதீர்கள். காயில் தரையை ஒட்டிப் போகும், ஆழமும் கிடைக்கும். அறுவடைத் தாள் உயரமாக நிற்கும் வயலில் காயில் தரையிலிருந்து ஒரு சாண் தள்ளியே ஆடும், அவ்வளவு ஆழம் உங்களுக்கு நஷ்டம். காசு அளவுள்ள பொருளுக்குச் சாதாரணக் கருவியின் எல்லையே 15 முதல் 25 சென்டிமீட்டர்தான்.

ஊருக்கு வெளியே வெறும் வயலில் காசு எப்படி வந்தது? வேலை செய்தவர்கள் தவறவிட்டது கொஞ்சம். வீட்டுக் குப்பையும் சாணமும் எருவாக வயலுக்கு வந்தபோது அதோடு வந்தது கொஞ்சம். சந்தைக்கும் தேவாலயத்துக்கும் போன பாதைகளில் விழுந்தது இன்னும் கொஞ்சம். அதனால் பழைய வரைபடத்தில் பாதை, வாயில், இடிந்த வீடு, ஆற்றைக் கடக்கும் இடம் எங்கே இருந்தன என்று பாருங்கள். நேஷனல் லைப்ரரி ஆஃப் ஸ்காட்லாந்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம் வரைந்த இங்கிலாந்தின் பழைய வரைபடங்களையும் இன்றைய படத்தோடு பக்கத்தில் வைத்து இலவசமாகப் பார்க்கலாம். ஒரு மழைநாள் மாலையை இதற்குச் செலவழித்தால் வயலில் வீண் நடை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. நகராட்சித் தோட்டக்கழிவு உரம் கொட்டிய வயல்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த உரத்தோடு நொறுங்கிய டின், அலுமினியத் துண்டு, பேட்டரிச் சில்லு எல்லாம் வரும். டிடெக்டர் ஓயாமல் கத்தும்.

நடப்பதும் தோண்டுவதும்

காயிலைத் தரைக்கு இணையாக, தாழ்வாக, மெதுவாக ஆட்டுங்கள். வீச்சின் இரு முனையிலும் கையைத் தூக்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும், அதை முதல் நாளே நிறுத்துங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதியாவது மூட வேண்டும். சிக்னல் கிடைத்தால் தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று மறுபடி ஆட்டுங்கள். இரு திசையிலும் ஒரே ஒலி வந்தால் தோண்டலாம். ஒரு திசையில் இனிமையாகவும் மறு திசையில் கரகரப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் இரும்பு. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஆணிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் மெல்லிய வெள்ளிக் காசும் அப்படித்தான் ஒலிக்கும்.

புல்வெளியில் தோண்டும்போது வட்டமாக முழுவதும் வெட்டாமல் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீலாக விட்டுப் புல்கட்டியைத் திருப்புங்கள். வேலை முடிந்ததும் மூடி மிதித்தால் புல் பிழைக்கும். மையத்திலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி வெட்டத் தொடங்குங்கள். குழி மூடாமல் போனவருக்கு அடுத்த வருடம் அந்த வயல் கிடையாது. அவரால் மற்றவர்களுக்கும் கிடையாது. ஈயத் துண்டு, தோட்டா மூடி, கம்பி எல்லாவற்றையும் பையில் போட்டு வெளியே கொண்டுவாருங்கள். குண்டு, ஷெல் போல எதுவும் தெரிந்தால் தொடாமல் விலகி 999ஐ அழையுங்கள். போர்க்கால வெடிபொருள்கள் இன்றும் வயல்களில் கிடைக்கின்றன.

காசு தெரிந்த நொடியில்தான் முதல் சோதனை. கட்டைவிரல் தானாகவே காசின் முகத்தைத் தேய்க்கப் போகும். வேண்டாம். மண்ணில் இருப்பது மணல், மணல் என்பது கண்ணாடியையே கீறும் குவார்ட்ஸ். மண் ஒட்டியபடியே பஞ்சு வைத்த டப்பாவில் வையுங்கள். யார் தலை, எந்த வருடம் என்பதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு டப்பாவுக்கு ஒரு காசு. பழைய காசுகள் பாக்கெட்டில் சாவியோடு உரசக்கூடாது.

உடனே இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடக் கட்டங்களில் இடத்தைக் குறிக்கும் கட்ட எண்ணைப் பத்து இலக்கமாக எடுத்தால் ஒரு மீட்டர் துல்லியம் கிடைக்கும், எட்டு இலக்கமென்றால் பத்து மீட்டர். "கீழ் வயலில், ஓக் மரத்துக்கிட்ட" என்ற குறிப்பு அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது. உழுத வயலில் கிடைக்கும் தேய்ந்த ரோமன் காசுக்கு விலை சில பவுண்டுதான். அதே வகைக் காசுகள் ஒரு மூலையில் மட்டும் விழுந்து கிடக்கின்றன என்ற தகவல் அங்கே ஒரு குடியிருப்பையே காட்டிக்கொடுக்கும்.

என்ன காசெல்லாம் வரும்?

முதலில் வருவது தோட்டா மூடியும் பொத்தானும். அப்புறம் விக்டோரியா காலத்து வெண்கலப் பென்னிகள், 1860 முதல் அடித்தவை. மூன்றாம் ஜார்ஜ் காலத்துச் செம்புக் காசுகள் கனமானவை. 1797ல் பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டன் அடித்த பென்னி சரியாக ஒரு அவுன்ஸ் எடை, அகன்ற விளிம்போடு கையில் வைத்தால் தனியாகத் தெரியும். இருபதாம் நூற்றாண்டு வெள்ளிக் காசில் வருடத்தைப் பாருங்கள். 1919 வரை 92.5 சதவீத வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, 1947லிருந்து வெள்ளியே கிடையாது.

எல்லோரும் ஏங்குவது சுத்தியலால் அடித்த வெள்ளிப் பென்னிக்கு. 1662க்கு முன் இங்கிலாந்தில் அநேகமாக எல்லாக் காசும் கையால் அடித்தவைதான். முதலாம் எட்வர்டின் 1279ஆம் ஆண்டுப் பென்னி ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை கிராம்கூட இல்லை. அதற்கு முந்தைய காலத்தில் சில்லறை வேண்டுமென்றால் பென்னியை அதன் சிலுவைக் கோட்டில் இரண்டாக, நாலாக வெட்டிக்கொண்டார்கள். எனவே கால்வட்டத் துண்டு கிடைத்தால் உடைந்த காசு என்று எறியாதீர்கள். அதுவே ஒரு முழு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி.

ரோமன் காசுகளில் பெரும்பாலானவை மூன்றாம், நான்காம் நூற்றாண்டுச் சிறு வெண்கலங்கள், சில விரல் நகத்தைவிடச் சின்னவை. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமன் வெள்ளியை நாம் கரூர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புதையல்களோடு சேர்த்துக் கேள்விப்பட்டிருப்போம். அந்த இரு பேரரசர்களும் மறைந்த பிறகு, கி.பி. 43ல்தான் ரோமானியப் படை பிரிட்டனைப் பிடித்தது என்பது நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளக்கூடிய தகவல்.

பானை தெரிந்தால் நிறுத்துங்கள்

ஒரே குழியில் காசு மேல் காசாக வந்தாலோ, பானை ஓடு தெரிந்தாலோ கையை எடுத்துவிடுங்கள். 1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போனார் எரிக் லாஸ். கிடைத்தவை ஏறத்தாழ 15,000 ரோமன் காசுகளும் தங்க நகைகளும். கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் மறுநாளே வந்து தோண்டினார்கள். அந்தச் சுத்தியலும் கிடைத்தது, இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

2010ல் சாமர்செட்டின் ஃப்ரோம் அருகே டேவ் கிரிஸ்ப் பானையின் வாயைப் பார்த்ததும் தோண்டுவதை விட்டுவிட்டார். உள்ளே 52,503 காசுகள். தொல்லியலாளர்கள் அடுக்கடுக்காக எடுத்ததால் ஒரு விஷயம் தெரிந்தது. பானையில் இருந்தவற்றில் காலத்தால் கடைசியான, பேரரசர் கரௌசியஸின் காசுகளில் பெரும்பகுதி மேலே இல்லை, உள்ளே ஆழத்தில் இருந்தன. உண்டியல் போல வருடா வருடம் சேர்த்திருந்தால் அவை மேலேதான் இருந்திருக்கும். பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள். கிரிஸ்ப் ஆர்வத்தில் வாரி வெளியே போட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்படிக் கிடைத்ததைக் கழுவவும் கூடாது. ஆபீசர் வரும்வரை மண்ணோடு அப்படியே இருக்கட்டும்.

கழுவுவது

இனி சொல்வது தனியாகக் கிடைத்த, புதையல் ஆகாத காசுகளுக்கு மட்டும். அதிலும் அரிதாகத் தோன்றும் காசை முதலில் ஆபீசரிடமோ நல்ல நாணய வியாபாரியிடமோ காட்டுங்கள். மண்ணை நீக்குவதுதான் நம் வேலை, பளபளப்பை மறந்துவிடுங்கள்.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். பித்தளைக் குடத்துக்குப் புளி, வெள்ளி விளக்குக்கு விபூதி என்று கை பழகியிருக்கிறது. புளியின் அமிலம் செம்பின் களிம்பைக் கரைத்துவிடும். குடத்தில் களிம்பு போனால் கீழே திடமான பித்தளை இருக்கிறது. பதினாறு நூற்றாண்டு மண்ணில் கிடந்த காசிலோ பேரரசரின் மூக்கும் எழுத்தும் அந்தக் களிம்புப் படலத்தில்தான் மிச்சமிருக்கின்றன. படலம் கரைந்தால் அம்மைத் தழும்பு விழுந்த இளஞ்சிவப்புத் தகடு ஒன்று கையில் நிற்கும். விபூதி மிக மென்மையான தேய்ப்புப் பொடி. அரைக்கிலோ விளக்கு அதைத் தாங்கும், ஒன்றரை கிராம் பென்னி தாங்காது. வினிகர், எலுமிச்சை, கோலா, தக்காளி சாஸ், பிராஸோ போன்ற உலோகப் பாலிஷ், கம்பி பிரஷ், பேட்டரி வைத்துச் செய்யும் மின்பகுப்பு எல்லாம் இதே கணக்குதான். சுத்தியலடி வெள்ளிக்கு எலுமிச்சைச் சாறு நல்லது என்று இங்கே பல டிடெக்டர்காரர்களே சொல்வார்கள். வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பை அது அரிக்கும், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

வேண்டிய சாமான் எளிது. இஸ்திரிப்பெட்டிக்கோ கார் பேட்டரிக்கோ ஊற்றும் டிஸ்டில்டு அல்லது டீஅயனைஸ்டு தண்ணீர், சிறு கண்ணாடிக் கிண்ணங்கள், மிக மென்மையான ஓவியத் தூரிகை, பல்குத்தும் குச்சி, உருப்பெருக்கி, நல்ல விளக்கு. லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பும் குளோரினும் உண்டு, அது வேண்டாம். ஒரு கிண்ணத்தில் ஒரு காசு. வெள்ளியையும் செம்பையும் ஒன்றாக ஊறப்போடவே கூடாது.

தங்கத்தில் தொடங்குவோம், சொல்ல அதிகமில்லை. தண்ணீரில் போட்டால் மண் கழன்றுவிடும். தேய்க்காமல் எடுத்து ஒற்றி உலர்த்துங்கள்.

வெள்ளியை முதலில் நன்றாகப் பாருங்கள். விரிசல் இருக்கிறதா, விளிம்பு உதிர்கிறதா? நெடுங்காலம் மண்ணில் கிடந்த மெல்லிய வெள்ளி அப்பளமாக நொறுங்கும். அப்படி இல்லையென்றால் சில மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே தூரிகையால் மேலோட்டமாக வருடுங்கள். தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவிடுங்கள். விளிம்பில் பிடித்து எடுத்து, மெல்லிய காகிதத்தின் மேல் வைத்து ஒற்றுங்கள். கறுப்போ சாம்பலோ மிச்சமிருந்தால் இருக்கட்டும். அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் வைத்துக் கறுப்பை நீக்கும் வித்தை வேலை செய்யும்தான், வெள்ளி சல்பைடை மறுபடி வெள்ளியாக்கும் வேதிவினை அது. ஆனால் சேகரிப்பாளர்கள் விரும்பும் நிறமும் அதோடு போய்விடும், காசு செயற்கையாக வெளுத்து நிற்கும். தேய்ந்துபோன 1940களின் சிக்ஸ்பென்ஸ் என்ற ஆறு பென்னிக் காசில் விளையாடிப் பார்க்க விரும்பினால் உங்கள் இஷ்டம்.

வளைந்த வெள்ளிக் காசை நிமிர்த்தாதீர்கள். முக்கால்வாசி முறிந்துவிடும். அதோடு, ஏர் பட்டு வளைந்ததா, ஆளே வளைத்ததா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் வில்லியம் காலத்துத் தேய்ந்த சிக்ஸ்பென்ஸை இரு பக்கமும் எதிரெதிராக மடித்துக் காதலிக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதை நிமிர்த்தினால் கதையே போச்சு.

செம்பும் வெண்கலமும்தான் பொறுமையைச் சோதிக்கும். மேற்பரப்பு மாவாக உதிர்ந்தால் தண்ணீரே காட்டாமல், உலரவிட்டு உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். ரசாயன உரம் போட்ட வயல் காசுகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வரும். வழவழப்பான, கெட்டியான பச்சையோ பழுப்போ இருந்தால் அது நல்ல களிம்பு, காசைக் காப்பாற்றும் போர்வை. அதை டிஸ்டில்டு தண்ணீரில் போட்டு, சில நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றி, மண் இளகும்வரை விடுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். அப்புறம் உருப்பெருக்கியின் கீழே, நனைந்த குச்சி நுனியால் எழுத்துகளுக்கு இடையே உள்ள மண்ணை மட்டும் தள்ளுங்கள். குச்சி எதிர்ப்பைச் சந்தித்தால் மறுபடி ஊறப்போடுங்கள். ஊசியும் கத்தியும் இந்த மேஜைக்கே வரக்கூடாது. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பது பழைய பழக்கம். எண்ணெயிலும் அமிலம் உண்டு, பிறகு அதைக் காசிலிருந்து முழுதாக எடுப்பதும் சிரமம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

எங்கே நிறுத்துவது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அரசர் யார், காசு எந்த வகை என்று தெரிந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

செம்பை உலர்த்துவதில் அவசரம் வேண்டாம். ஒற்றியெடுத்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை முக்கினால் துளைகளில் உள்ள ஈரமும் வெளியேறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. ஓரிரு நாள் காற்றாட விட்டபின், ரினைசன்ஸ் வேக்ஸ் என்ற மெழுகை மிக மெல்லியதாகத் தடவலாம். பிரிட்டிஷ் மியூசியத்துக்காக 1950களில் உருவான மெழுகு இது. ஆபீசரிடம் காட்டிய பிறகே மெழுகு.

வெண்கல நோய்

கழுவி வைத்த வெண்கலக் காசில் சில வாரம் கழித்து வெளிர்பச்சைப் பொடி பூத்தால் கவனியுங்கள். நல்ல களிம்பு கெட்டியாக ஒட்டியிருக்கும். இது குச்சி பட்டாலே உதிரும், கீழே குழி தெரியும். காசுக்குள் புகுந்த குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து செம்பை உள்ளிருந்து தின்கிறது. அந்தக் காசைத் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் வினை தூங்கும். இதற்குப் பயன்படுத்தும் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனம் நச்சுத்தன்மை உள்ளது, அது பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர்களின் வேலை.

வைப்பதும் பதிவதும்

மலிவான பிவிசி உறைகளில் காசை வைக்காதீர்கள். நாளாக நாளாகப் பிசுபிசுப்பான பச்சைத் திரவம் காசில் படியும். மைலார் என்ற பிளாஸ்டிக் உறையோ அமிலமில்லாத காகித உறையோ வாங்குங்கள். மரப்பெட்டி என்றால் மகாகனி நல்லது, ஓக் வேண்டாம், அது விடும் அமில ஆவி ஈயத்தைத் தின்னும். உறையின் மேல் கிடைத்த தேதி, கட்ட எண், வயலின் பெயர், ஆழம் ஆகியவற்றை எழுதுங்கள்.

புதையல் அல்லாத காசைப் பதிவது உங்கள் விருப்பம்தான். செய்யுங்கள் என்பேன். ஆபீசர் காசை வாங்கிப் படம் எடுத்து, எடை போட்டு, பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டுத் திருப்பித் தருவார். துல்லியமான இடம் பொதுமக்களுக்குத் தெரியாது. அவர்களிடம் வரிசை நீளம், சில மாதம் ஆகலாம். எனவே கொடுக்கும்போது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பதற்கு முன் இரு பக்கமும் நீங்களே படம் எடுத்து வையுங்கள். பதிந்தாலும் பதியாவிட்டாலும், ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்களுக்குக் காட்ட என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பிரிட்டன் மண்ணில் கிடைத்த பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். அவர்களுக்குப் படம் போதும்.